புகை இறங்கும் இடம்: சட்பரி காடுகளில் ஏழு நாள்

முதல் நாள்

நெடுஞ்சாலை 69ல் வடக்கே வந்துகொண்டிருந்தேன். பிரெஞ்சு ஆற்றைத் தாண்டிய பிறகு இருபுறமும் பாறையும் பைன் மரமும்தான். கனடாவின் சட்பரி நகரைப் பற்றி நான் படித்ததெல்லாம் கருகிய பாறைகள், புல்கூட முளைக்காத மேடுகள், உருக்காலைப் புகை தின்ற காடு என்றே இருந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு வந்தவனுக்கு ஜன்னலுக்கு வெளியே பச்சையைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பிறகு ஒரு மேட்டில் வண்டி ஏறியதும் மரங்களின் தலைக்கு மேலே ஒற்றைக் கோடாக அது தெரிந்தது.

சட்பரியின் காப்பர் கிளிஃப் நிக்கல் உருக்காலையின் புகைபோக்கி. உயரம் 381 மீட்டர். 1972ல் இயங்கத் தொடங்கியது. கஜகஸ்தானில் எக்கிபாஸ்டுஸ் மின்நிலையத்தின் புகைபோக்கி 1987ல் முந்தும்வரை உலகிலேயே உயரமான புகைபோக்கி இதுதான். 2020ல் இதை நிறுத்திவிட்டார்கள். ஆலை ஓடுகிறது, ஆனால் இதைவிட மிகக் குட்டையான இரண்டு குழாய்கள் அந்த வேலையைப் பார்க்கின்றன. புகையே வராத புகைபோக்கியை வண்டியை ஓரங்கட்டிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் வந்தது ஒரே ஒரு கேள்வியோடு. புகை மேலே போகிறது, காற்று அதை எடுத்துக்கொண்டு போகிறது, சரி. அப்புறம் அது காட்டுக்குள் எப்படி இறங்குகிறது? கனமானது விழும், அவ்வளவுதானே என்பது இதுவரை என்னிடம் உள்ள பதில். அது ஒரு வாரம் தாக்குப்பிடிக்கிறதா பார்ப்போம்.

இரண்டாம் நாள்

இன்று தனியாகத்தான் சுற்றினேன். இங்கே நடந்ததைப் புரிந்துகொள்ள புகைபோக்கிக்கும் முன்னால் போக வேண்டியிருக்கிறது.

1883ல் ரயில் பாதைக்காகப் பாறையை வெட்டியபோது தாது வெளிப்பட்டது. நிக்கலும் செம்பும் கந்தகத்தோடு பிணைந்து கிடக்கும் தாது. கந்தகத்தை முதலில் ஓட்டியாக வேண்டும். அதற்கு அன்று கண்டுபிடித்த வழி இது: சுற்றியுள்ள காட்டை வெட்டி விறகாக அடுக்குவது, அதன்மேல் தாதுவைக் குவிப்பது, தீ வைப்பது. விறகு தீர்ந்த பிறகும் தாதுவின் கந்தகமே எரிபொருளாகி மாதக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். இப்படி வெட்டவெளியில் வறுப்பது 1929 வரை நடந்தது. புகைபோக்கி என்று ஒன்று கிடையாது. கந்தக டை ஆக்சைடு தரையோடு தரையாகத் தவழ்ந்து போய் மிச்சமிருந்த மரங்களைத் தொட்டது. ஆக, காட்டை முதலில் விறகாக எரித்தார்கள், அந்த விறகு மூட்டிய தாதுவின் புகையாலேயே மீதியைக் கொன்றார்கள்.

பிறகு காப்பர் கிளிஃப், கோனிஸ்டன், ஃபால்கன்பிரிட்ஜ் என்று மூன்று இடங்களில் உருக்காலைகள், அவற்றுக்குப் புகைபோக்கிகள். 1960 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 25 லட்சம் டன் கந்தக டை ஆக்சைடு இங்கிருந்து கிளம்பியிருக்கிறது. மூன்று ஆலைகளையும் சுற்றி முழுக்க மொட்டையான நிலம் ஏறக்குறைய 17,000 ஹெக்டேர். அதைச் சுற்றி, குட்டைப் பிர்ச் மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தப்பிய நிலம் அதைப்போல நான்கு மடங்கு.

கோனிஸ்டன் ஆலை 1972லேயே மூடப்பட்டுவிட்டது. அதன் அருகில் இருக்கும் ஒரு குன்றில் ஏறினேன். படித்த சட்பரி இங்கே கொஞ்சம் மிச்சமிருக்கிறது. கறுத்த பாறை. கரி என்று நினைத்து விரலால் தேய்த்தேன், வரவில்லை. விளிம்பில் உடைந்து கிடந்த ஒரு சில்லின் உட்புறம் வெளிர் சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம். பாறையின் சொந்த நிறம் அதுதான். அமிலம் பாறையை மெல்ல அரித்திருக்கிறது; கரைந்த சிலிக்கா மறுபடி பாறைமேலேயே மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது; படியும்போது ஆலையிலிருந்து வந்த உலோகத் துகள்களையும் உள்ளே பூட்டிக்கொண்டது. நூறு வருடப் புகை நகத்தைவிட மெலிதான ஒரு தோலாக இங்கே இருக்கிறது.

ஒரு இடைச்செருகல். நிலவுக்குப் போகும் வீரர்களை இங்கே பயிற்சிக்கு அழைத்து வந்தது சட்பரி நிலவைப்போல மொட்டையாக இருந்ததால்தான் என்று ஒரு கதை உலவுகிறது. அப்பல்லோ 16, 17 குழுவினர் வந்தது உண்மை. ஆனால் வந்த காரணம் வேறு. சுமார் 185 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்கல் மோதி உண்டான பள்ளம் இது. மோதலில் பாறை எப்படி உடையும் என்று பார்க்க வந்தார்கள். சட்பரிக்காரர்கள் இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்கள்.

மூன்றாம் நாள்

இன்று துணை கிடைத்தது. மழைநீரையும் மண்ணையும் வைத்து முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒரு தமிழ் மாணவர். மாதிரி எடுக்கப் போகிறார், மூட்டை தூக்க ஓர் ஆள் வேண்டும், நான் மாட்டினேன்.

காட்டுக்கு நடுவே ஒரு திறந்த வெளி. அங்கே ஒரு வரிசைப் புனல்கள். அங்கிருந்து ஐம்பதடி தள்ளி, பைன் மரங்களுக்கு அடியில் இன்னொரு வரிசை. அமைப்பு எளிதுதான்: புனல், அதன் கழுத்தில் ஊசியிலை அடைக்காதபடி ஒரு வலை, கீழே குழாய், பாதி மண்ணுக்குள் புதைத்த புட்டி. வெயில் பட்டால் புட்டிக்குள் பாசி வளர்ந்து நைட்ரஜனைத் தின்றுவிடுமாம், அதனால்தான் புதைப்பது. புனலின் விளிம்பைச் சுற்றி முள்போலக் கம்பிகள் நிற்கின்றன, பறவை உட்காராமல் இருக்க. உட்கார்ந்து எச்சமிட்டால் பாஸ்பரஸ் எகிறிவிடும், மாதிரியைக் கொட்ட வேண்டியதுதான்.

"மழையைப் பிடிக்க வந்திருக்கோம்னு நினைச்சுடாதீங்க அண்ணா," என்றார். "மரம் பிடிச்சு வச்சிருக்குறத வாங்க வந்திருக்கோம்."

புரியவில்லை. திறந்த வெளிப் புனலில் வெறும் மழை விழுகிறது. மரத்தடிப் புனலில் அதே மழை, ஆனால் இலைகளைக் கழுவிக்கொண்டு விழுகிறது. இரண்டு மழைக்கு நடுவே உலர்ந்த நாட்களில் காற்றிலிருந்து இலைகள் எதையெல்லாம் பிடித்து வைத்தனவோ அதெல்லாம் அந்தத் தண்ணீரில் வந்துவிடும். மரத்தடி நீரிலுள்ள சல்பேட்டிலிருந்து திறந்தவெளி நீரின் சல்பேட்டைக் கழித்தால் மரம் தானாகப் பிடித்த பங்கு ஓரளவு தெரியும். ஓரளவுதான் என்று அவரே அழுத்திச் சொன்னார். சல்பேட்டுக்கு இந்தக் கணக்கு நன்றாக ஒத்துவரும். பொட்டாசியத்துக்கு வராது, அதில் பெரும்பகுதி இலைக்குள்ளிருந்தே கசிவது. நைட்ரஜனில் தலைகீழ்: இலைகளே அதில் கொஞ்சத்தை உறிஞ்சிக்கொள்வதால் புட்டியில் குறைவாகத் தெரியும், வந்ததென்னவோ அதிகம்.

கனமானது விழும் என்ற என் பதிலை அவரிடம் சொன்னேன். பாதி சரி என்றார். முடியின் தடிமனில் ஏழில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம், அதாவது 10 மைக்ரான். அதற்குமேல் உள்ள துகள்கள் எடையால் இறங்கிவிடும், ஆலையிலிருந்து வெகுதூரம் போகாது. 0.1 மைக்ரானைவிடச் சின்னவை காற்று மூலக்கூறுகளால் இடிபட்டு இடிபட்டுக் கன்னாபின்னாவென்று அலையும்; இலைக்கு அருகே வந்தால் எப்படியும் மோதி ஒட்டிக்கொள்ளும். சிக்கல் நடுத்தரத்தில். விழும் அளவுக்குக் கனமும் இல்லை, அலையும் அளவுக்கு இலேசும் இல்லை. நாட்கணக்கில் மிதந்துகொண்டே போகும். கந்தக டை ஆக்சைடு போகிற வழியில் வேதிமாற்றம் அடைந்து சல்பேட் துகளாக மாறும்போது பெரும்பாலும் இந்த அளவில்தான் உருவாகிறது.

பாதி தவறு எது என்றால், காடு சும்மா நிற்கிறது என்று நான் நினைத்ததுதான். மொட்டைப் பாறைமேல் காற்று வழுக்கிக்கொண்டு போய்விடும். மேடும் பள்ளமுமான மர உச்சிகள்மேல் போகும்போது தடுக்கி விழுந்து சுழலும். அந்தச் சுழற்சி மேலே இருக்கும் காற்றைத் திரும்பத் திரும்பக் கீழே இழுத்து இலைகளுக்கு நடுவே கொண்டுவரும். ஒரு பைன் கிளையை வளைத்துக் காட்டினார். வெள்ளை பைன், ஒரு கொத்துக்கு ஐந்து ஊசி. அகன்ற இலையை அணுகும் காற்று முன்கூட்டியே விலகிக்கொள்ள ஆரம்பிக்கும், துகளும் அதோடு விலகிப்போகும். ஊசி மெலிது என்பதால் காற்று கடைசி நொடியில்தான் வளைகிறது, துகளால் அவ்வளவு சட்டென்று திரும்ப முடியாது. வேகமாக வந்த சைக்கிள் திருப்பத்தில் வேலியில் மோதுகிற மாதிரி. போதாததற்கு ஊசியிலை மரம் பனிக்காலத்திலும் இலையோடு நிற்கும், பிர்ச் உதிர்த்துவிட்டுச் சும்மா இருக்கும்.

வாயுவின் கதை வேறு. கந்தக டை ஆக்சைடு இலைத்துளை வழியாக உள்ளே போகிறது. கரியமில வாயுவுக்காக மரம் திறந்து வைத்த கதவு அது, யார் நுழைகிறார்கள் என்று பார்க்காது. இலை ஈரமாக இருந்தால் துளைகூட வேண்டாம், அந்த ஈரத்திலேயே கரைந்துவிடும்.

திரும்பும் வழியில் காட்டின் ஓரத்தில் நின்றோம். வெட்டவெளியைப் பார்த்து நிற்கும் முதல் வரிசை மரங்கள் உள்ளே இருப்பவற்றைவிட இரண்டு மடங்கு, சில சமயம் அதற்கு மேலும் பிடிக்கும். வரும் காற்று நேராக முகத்தில் அடிப்பது அவற்றைத்தான்.

"அப்படின்னா காடு அழிஞ்சப்ப இங்க குறைச்சலாத்தான் இறங்கிச்சா?" என்று கேட்டேன்.

"அந்தந்த இடத்துல குறைச்சல்தான். மிச்சத்த இன்னொரு காடு பிடிச்சிருக்கும்."

நான்காம் நாள்

காலையிலிருந்து மழை. மாணவருக்கு வகுப்பு. குடையோடு நானே போய் ஒரு பிர்ச் மரத்தின் அடியில் நின்றேன். தண்ணீர் தண்டு வழியே இறங்கி வேரருகே சேர்வதைப் பார்க்க. கிளைகள் எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய புனல்போல வேலை செய்கின்றன. மொத்த மழையில் இது சின்னப் பங்குதான், ஆனால் மரத்தைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குள் அத்தனையும் கொட்டுகிறது. மரத்தின் அடிமண் நாலடி தள்ளியுள்ள மண்ணைவிட அமிலமாக இருப்பது இதனால்.

மதியம் மழை விட்டு மூடுபனி. மூடுபனித் துளியில் மழைத்துளியைவிடத் தண்ணீர் மிகக் குறைவு, அது தரைக்கு அருகே, அழுக்கான காற்றிலேயே உருவாகிறது. அதனால் அமிலமும் உலோகமும் அதில் பல மடங்கு செறிவாக இருக்கும். மழைமானியில் இது பதிவாகவே ஆகாது. மழையில்லாத நாள் என்று எழுதிவைப்பார்கள், ஆனால் ஊசியிலை நுனிகளிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கும். அரை மணி நேரம் நின்றதில் என் சட்டையும் நனைந்துவிட்டது. அவ்வளவுதான் இன்றைக்கு.

ஐந்தாம் நாள்

குழி வெட்டினோம். ஆழமில்லை, முழங்கை அளவு. இந்த வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இந்தக் குழிதான்.

மேலே போன வருடத்து ஊசிகள். கீழே பாதி மக்கியவை. அதற்குக் கீழே, விரலால் நசுக்கினால் வழுவழுவென்று இருக்கும் கறுப்பு மக்கு. அதோடு சட்டென்று சாம்பல் நிறக் கனிம மண் தொடங்கிவிடுகிறது. இலை பிடித்த எல்லாமே கடைசியில் இந்தக் கறுப்பு அடுக்குக்குத்தான் வருகிறது, மழையில் கழுவியோ இலையோடு உதிர்ந்தோ. செம்பு மக்கோடு இறுகப் பிடித்துக்கொண்டு மேலேயே தங்கிவிடும். நிக்கல் அவ்வளவு விசுவாசமில்லை. மண் அமிலமாக இருந்தால் கழன்று தண்ணீரோடு கீழே, ஓடைக்கு, ஏரிக்கு என்று போய்விடும். ஆலைக்கு அருகே மேல்மண்ணில் இந்த இரண்டும் கிலோவுக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டிய இடங்கள் உண்டு.

இதில் ஒரு விஷச்சுழல் இருக்கிறது. உலோகம் ஏறிய சருகைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் மெதுவாகத்தான் மக்கச் செய்யும். மக்காத சருகு சேர்ந்துகொண்டே போகும், அது இன்னும் உலோகத்தைப் பிடித்து வைக்கும். அமிலத்தின் வேலை தனி. கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அரித்து வெளியேற்றிவிட்டு, மண்ணிலேயே பத்திரமாகக் கட்டுண்டு கிடந்த அலுமினியத்தை அவிழ்த்துவிடுகிறது. கரைந்த அலுமினியம் வேர்நுனியைக் கருக்கிவிடும்.

பாதரசம் பற்றி நான் கேட்கவேயில்லை, அவரே ஆரம்பித்துவிட்டார். அது காற்றில் ஆவியாகவே உலவுகிறது. அதை இலைதான் மூச்சோடு உள்ளே இழுத்துப் பருவம் முழுக்கச் சேர்த்துக்கொண்டே போகிறது. உதிரும் சருகு வழியாகத்தான் காட்டு மண்ணுக்குப் பாதரசம் அதிகம் வந்து சேர்கிறது, மழை வழியாக அல்ல. அதனால் உதிர்காலத்தில் சருகுக்கூடைகள் வைத்து, விழுவதை எடைபோட்டுப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

மண் இப்படி இருந்தால் இந்தப் பச்சை எங்கிருந்து வந்தது? குன்றின் மறுபக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். ஒரு பக்கம் புல்லும் பைன் கன்றுகளும். பத்தடி தள்ளி வெறும் சரளை, அதில் ஆங்காங்கே ஒரு புல் கொத்து. நடுவே கோடு போட்டமாதிரி. சுண்ணாம்பு போட்ட நிலத்துக்கும் போடாத நிலத்துக்கும் எல்லை அது. 1978ல் இங்கே பசுமையாக்கும் வேலையைத் தொடங்கினார்கள். ஹெக்டேருக்குச் சுமார் 10 டன் பொடித்த டாலமைட் சுண்ணாம்பு, அதையும் மூட்டை மூட்டையாகத் தோளில் சுமந்துபோய்க் கையால் தூவியிருக்கிறார்கள், வண்டி ஏற முடியாத பாறைமேடுகள் என்பதால். ஒரு உலோகத்தைக்கூட மண்ணிலிருந்து எடுக்கவில்லை. அமிலத்தைக் குறைத்து, வேர் தொட முடியாதபடி அவற்றை அடக்கி வைத்தார்கள், அவ்வளவே. பிறகு புல், அவரை இனச் செடிகள், அப்புறம் மரக்கன்று. 2022ல் ஒரு கோடியாவது கன்று நட்டார்கள்.

சரளையில் நின்ற அந்தப் புல்லைக் காட்டி, "இது நட்டதில்ல அண்ணா, தானா வந்தது," என்றார். உலோகத்தைத் தாங்கும் ரகம், அதன் சொந்தக்காரப் புற்கள் மற்ற ஊர்களில் சாதாரணமாக வளர்பவைதான். ஒரு பரம்பரை முழுக்கச் செத்துப்போக, தாங்கியவை மட்டும் விதைபோட்டிருக்கின்றன.

ராத்திரி படுக்கையில் யோசித்துக்கொண்டிருந்தேன். மொட்டைப் பாறை பிடிக்காததை இப்போது ஒரு கோடி மரம் பிடிக்கிறது. நல்லவேளை, வருவதே சொற்பம். 1960ல் போனதில் இன்று நூற்றில் ஐந்து பங்குகூடப் போவதில்லை.

ஆறாம் நாள்

தென்மேற்கே கிலார்னி. வெண்ணிறக் குவார்ட்சைட் மலைகளும் அவற்றுக்கு நடுவே ஏரிகளும். ஆலையிலிருந்து இத்தனை தூரம் தள்ளி வந்தால் காடு முழுசாக இருக்கிறது, கறுத்த பாறை ஒன்றுகூட இல்லை.

ஓ.எஸ்.ஏ. ஏரியைப் பார்க்கத்தான் வந்தேன். தண்ணீர் நம்ப முடியாத நீலம். துடுப்பு போகப்போக அடிப்பாறை தெரிந்துகொண்டே இருந்தது. இறங்கி நீந்தவே தோன்றியது. ஆனால் இந்தத் தெளிவு நோயின் அறிகுறி என்று மாணவர் நேற்றே சொல்லியனுப்பியிருந்தார். நல்ல ஏரியில் மக்கிய இலைச்சாறும் நுண்பாசியும் கலந்து தண்ணீர் லேசாகக் கலங்கியிருக்கும். அமிலம் அதையெல்லாம் குறைத்துவிடுகிறது.

குவார்ட்சைட்டில் அமிலத்தை முறிக்கும் சுண்ணாம்புச் சத்து அறவே இல்லை. அதனால் ஆலைக்கு அருகே உள்ள சில ஏரிகளைவிட இங்கே அடி பலமாக விழுந்தது. 1966ல் இங்குள்ள லம்ஸ்டன் ஏரியில் ஆராய்ச்சிக்காக ஆயிரக்கணக்கில் சால்மன் குஞ்சுகளை விட்டார்கள். அடுத்த வருடம் ஒன்றுகூட அகப்படவில்லை. தண்ணீரே புளித்துப்போயிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. வருடத்தைக் கவனியுங்கள்: 381 மீட்டர் புகைபோக்கி வருவதற்கு ஆறு வருடம் முன்பு. அதற்குப் பிறகு நகரத்துக் காற்று சுத்தமானது உண்மைதான், ஆனால் அந்த உயரத்தால் மட்டும் ஒரு கிலோ கந்தகம்கூடக் குறையவில்லை, இறங்கும் காடு மாறியது. சட்பரியைச் சுற்றி அமிலமான ஏரிகள் மொத்தம் சுமார் 7,000.

இந்த ஏரிகளுக்குக் கெட்ட காலம் வசந்தம். பனிக்காலம் முழுக்க விழுந்தது பனிக்குள் உறைந்து கிடக்கும். உருகத் தொடங்கும்போது முதலில் வழியும் தண்ணீரே அமிலத்தில் பெரும்பங்கை அள்ளிக்கொண்டு வந்துவிடும். மீன் முட்டை பொரிக்கும் நேரமும் அதுதான்.

இப்போது பல ஏரிகள் மெல்லத் தேறுகின்றன. நீலம் குறைந்து கலங்கல் கூடினால் ஆராய்ச்சியாளர்களுக்குச் சந்தோஷம். சுற்றுலாப் பயணிகள் என்ன சொல்வார்களோ.

ஏழாம் நாள்

கிளம்புவதற்கு முன் கடைசியாக ஒருமுறை புனல்களுக்குப் போனோம். வழியில் ஒரு பழைய மரத்தின் தண்டில் கல்பாசி. வேர் கிடையாது, மேல்தோல் கிடையாது. மழையும் காற்றும் கொண்டுவருவதை வைத்தே பிழைப்பது. கந்தகப் புகைக்கு முதலில் சாவது இதுதான். அந்த நாட்களில் ஆலைகளைச் சுற்றி மரங்களில் கல்பாசியே இல்லாத வட்டங்கள் இருந்தன, அவற்றை வரைபடமாகப் போட்டே புகை எதுவரை போகிறது என்று கண்டுபிடித்தார்கள். இது கட்டைவிரல் நகம் அளவு இருந்தது. மாணவர் வழக்கம்போல அதை ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

நான்காம் நாள் மழை இரண்டு வரிசைப் புட்டிகளையும் நிரப்பியிருந்தது. திறந்தவெளித் தண்ணீர் நிறமே இல்லை. மரத்தடித் தண்ணீர் பழுப்பு. எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. "இதுல இருக்குற நிக்கல் மேலிருந்து வந்ததா, இல்ல வேர் வழியா ஏறி இலைக்கு வந்து கழுவினதா?" என்று கேட்டேன். மொட்டை மேடுகளிலிருந்து பறக்கும் பழைய புழுதியையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். மூன்றும் ஒரே புட்டிக்குள் இருக்கிறது. தாத்தா காலத்துப் புகையை மரம் மண்ணிலிருந்து எடுத்து, இலைக்கு ஏற்றி, மறுபடி கீழே போட்டுக்கொண்டிருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்வதுதான் அவருடைய ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம், இன்னும் எழுதவில்லை.

புனலின் வலையில் ஒரு பைன் ஊசி சிக்கியிருந்தது. எடுத்து வீசப்போனேன். கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"போட்டுடாதீங்க அண்ணா. அது சருகுக் கணக்கு."

ஒரு காகிதப் பையில் போட்டு, தேதியை எழுதி, பையின் வாயை இரண்டு மடிப்பு மடித்தார்.